தொட்டி பூட்டாத வண்டியோடு வா

சுந்தரம்,

நலம் விசாரிப்பது, பலகாரம் அனுப்புவது எல்லாவற்றையும் உன் ஆத்தா தனியாக ஒரு கடிதத்தில் சொல்லி எழுத வைப்பாள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது. உன் கல்யாணத்துக்கு முந்தின வாரமே சென்னையிலிருந்து புது மோட்டார் சைக்கிளில் வருகிறாய், உன் தங்கை கமலத்துக்காக அதில் சைடு கார் என்கிற பக்கத்துத் தொட்டி ஒன்றும் பூட்டிக்கொண்டு வருகிறாய், இந்தத் தடவை கம்பெனியே ஒப்புக்கொண்ட தொட்டி, ஆகவே கியாரண்டிக்கு ஒரு பங்கமும் வராது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அலுப்பு. ஒரு விஷயத்தை முதலிலிருந்து ஒருவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமே என்கிற அலுப்பு. இந்த வயதில் எனக்கு வண்டி ஓட்டுவதைவிட விளக்கம் சொல்வதுதான் முதுகு வலியைக் கொடுக்கிறது.

தொட்டி வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு உண்டு. இன்னொன்று, பழைய வண்டியை வாங்கின திருச்சி ஏஜென்சிக்கு நீ ரிஜிஸ்டர் தபாலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதையும் நிறுத்து. அந்த மானேஜர் எனக்குக் கார்டு போட்டிருக்கிறார். 'தங்கள் குமாரர் எங்களை மோசடிக்காரர்கள் என்று எழுதுகிறார், நடந்ததைத் தாங்கள் அவருக்குச் சொல்லவில்லையா' என்று கேட்டிருக்கிறார். சொல்லவில்லைதான். 'கியாரண்டி கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் உனக்கு எழுதிப் போட்டேன், நீயாக மீதியைக் கற்பனை செய்துகொண்டு கம்பெனிமேல் பாய்ந்துவிட்டாய். இப்போது கல்யாணத்துக்கு வரப்போகிறாய், வருகிறவன் கையோடு அந்தத் தொட்டியையும் கொண்டு வந்து இறக்கினால் இந்த வீட்டில் ஒருத்தியின் பிழைப்பு கெடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கமலத்துக்கு இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த சமயம் உனக்கு ஞாபகம் இருக்கும். இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போன பிள்ளை, இரும்புச் சட்டம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு டிரெயினிங் படித்து முடித்து, ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். அன்னவாசலில் பாதிப் பேர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று சந்தோஷப்பட்டார்கள், மீதிப் பேர் இவள் எப்படி இலுப்பூர் வரைக்கும் தினம் போய் வருவாள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்விதான் நம் எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ் படி அவள் இடுப்பு உயரம். ஏறுகிற கூட்டமோ சொல்ல வேண்டாம். போதாததற்கு அவளுடைய ஹெட்மாஸ்டர் சேர்ந்த அன்றைக்கே என்னையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"டீச்சர் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்லைங்க. ஆனா இன்ஸ்பெக்டர் வந்து நிக்கிற அன்னைக்கு பிரேயர்ல டீச்சரக் காணோம்னா நான் என்ன பதில் சொல்றது? வேலை நிரந்தரம் ஆகுறவரைக்கும் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வந்துரணும். பெறகு பாத்துக்கலாம்."

நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் சொல்கிற கெடுவும் கெடுதான். அந்தச் சமயத்தில்தான் நீ பேர் பதிந்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் கைக்கு வந்தது, கூடவே உனக்குச் சென்னையில் வேலையும் வந்தது. வண்டியை நீ எனக்கு விட்டுப்போனாய். நானும் இலுப்பூர்க் கடலை மண்டியில் கணக்கெழுதப் போகிறவன், அப்பனும் மகளும் ஒரே வண்டியில் போய் வரலாம் என்று நீதான் யோசனை சொன்னாய். யோசனையில் பழுதில்லை. பின்னால் உட்கார அவள் காலால் முடியாது என்று நீயும் நானும் முடிவு செய்தோம் பார், அங்கேதான் ஆரம்பித்தது. அவள் அடுத்த அறையில்தான் சிலேட்டுக்குச் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தாள். முடியுமா என்று ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கம்பெனித் தொட்டி வர மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீ பட்டறைக்குப் போய் இரும்புப் பட்டை வளைத்து, தகரம் அடித்து, சைக்கிள் ரிக்‌ஷாச் சக்கரம் ஒன்றை வைத்து நீயே ஒரு தொட்டி செய்து வண்டியின் இடப்பக்கம் பூட்டினாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊரே வந்து தட்டிப் பார்த்தது. அதோடு விட்டிருந்தால்கூட வண்டி இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். உன் ஆத்தா வந்தாள்.

"வயசுப் பிள்ளைய இப்புடித் தெறந்த தொட்டியில வச்சு ஊரு ஊரா இழுத்துக்கிட்டுப் போவீகளாக்கும்? பாக்குறவுக என்னா பேசுவாக? மேல ஒரு கூண்டு போடுங்க."

"போட்டாப் போச்சு ஆத்தா, அதுக்கென்ன" என்றாய் நீ.

மாட்டு வண்டிக்குப் போடுகிற கூண்டு. மூங்கிலை வளைத்து, மேலே பாயைப் போர்த்தி, முன்னும் பின்னும் தொங்கவிட்டு. பெண்களை மூடி அழைத்துப் போவது என்றால் நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே. மோட்டார் சைக்கிளுக்கு மாட்டு வண்டிக் கூண்டு போட்ட குடும்பம் இந்தப் பக்கத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். மாடு மெதுவாக நடக்கும், அதற்குப் பாய் ஒரு பொருட்டில்லை. மோட்டார் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியது, அதற்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக் கட்டினால் இழுப்பு எப்படி இருக்கும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடிக் காற்றில் நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும். வண்டி ஒரு பக்கமாக வயலுக்குள் போகிறேன் என்னும், நான் ரோட்டுக்கு வா என்பேன். இலுப்பூர் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கிளட்சு தீய்ந்த வாசம் வரும், கியர் மாற்றும்போது உள்ளே கடகடவென்று கல்லைப் போட்டு அரைக்கிற சத்தம் கேட்கும். புது வண்டி, கியாரண்டி இருக்கிறது, என்னவாகிவிடும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

கியாரண்டி என்ற வார்த்தை நம் வீட்டில் அப்போது விபூதி மாதிரி ஆகிவிட்டது. எதற்கும் அதைப் பூசிக்கொண்டோம். கார்டில் இங்கிலீஷில் இருந்ததை நீ எனக்குப் படித்து அர்த்தம் சொன்னாய், என்னென்ன கெட்டுப்போனால் கம்பெனி சும்மா மாற்றித் தரும் என்கிற பக்கத்தை மட்டும். எதெதைச் செய்தால் தராது என்று எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தபோது, இதெல்லாம் சும்மா பயமுறுத்துவதற்கு எழுதுவது என்று மடித்துவிட்டாய். நானும் தலையை ஆட்டினேன்.

ஒரு நாள் இலுப்பூர்க் கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது உள்ளே ஏதோ படாரென்றது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பள்ளிக்கூட மணி கேட்கிற தூரம்தான். கமலத்தை இறக்கி நடத்திக் கூட்டிப் போவதற்குள் பிரேயர் முடிந்து வகுப்பு ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் தெரிந்தவர் ஒருவர் தம்முடைய மாட்டைக் கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கூண்டு போட்ட தொட்டி, அதற்கு முன்னால் மாடு, பின்னால் நான் நடந்து வருகிறேன். கடைத்தெருவில் சிரிக்காதவன் கிடையாது. ஒருத்தன், "கணக்குப்பிள்ளை, இப்பத்தான் பொருத்தமா இருக்கு" என்றான்.

கமலம் லீவு போட்டாள். லீவு தீரத் தீர வீட்டில் பேச்சுக் குறைந்தது. ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பினார், லீவு முடிந்தும் டீச்சர் வராவிட்டால் மேலே எழுதுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்று. கியர் பாக்ஸைக் காசு கொடுத்து வாங்க நம்மால் முடியாது என்பது உனக்கே தெரியும். கியாரண்டியில் அது வந்தாக வேண்டும், வந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் அவள் வேலை நிற்கும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கடலை ஏற்றிப் போகிற லாரியில் வண்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தேன். மூட்டைக்கு நடுவில் தொட்டிக்கு இடம் இல்லை என்று டிரைவர் சொன்னதால் அதைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனோம். கமலத்துக்கும் பூட்ஸ் அளவு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே பயணமாகப் போகட்டும் என்று அவளையும் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

ஏஜென்சியில் எங்களுக்கு முன்னால் கட்டுமாவடிக்காரர் ஒருவர் காத்திருந்தார். மீன் வியாபாரம் செய்கிற பாய். மீன் கூடை வைப்பதற்காக வண்டியின் சட்டத்திலேயே இரும்புக் கேரியரைப் பற்ற வைத்திருந்தார், சட்டம் விரிசல் விட்டுவிட்டது. கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டிச் செயினும் போய்விட்டது. இரண்டுக்கும் கியாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மனிதர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. என்ன பாய் என்றேன்.

"நான் கை வச்சது சட்டத்துல, அது போனது என் தப்பு. ஆனா டைனமோவும் எரிஞ்சு போச்சு. கேரியருக்கும் டைனமோவுக்கும் என்னாங்க சம்பந்தம்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாக. பெறகு குடுத்துட்டாக. கேக்கணும் அண்ணே. வெளியில எதையாச்சும் பூட்டிட்டா மொத்தக் கியாரண்டியும் போச்சுன்னு பொதுவாத்தான் சொல்லுவாக. பூட்டுனது எதக் கெடுத்துச்சு, எதக் கெடுக்கலைன்னு நம்மதான் பிரிச்சுப் பேசணும்."

உனக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் புது வண்டியிலும் நீ கை வைக்காமல் இருக்க மாட்டாய். பெரிய விளக்குப் பூட்டினால் கரண்டு சம்பந்தப்பட்டது எதுவும் கேட்க முடியாது. சத்தம் வர வேண்டும் என்று சைலன்சரை அறுத்தாலோ, கார்புரேட்டரில் துளையைப் பெரிதாக்கினாலோ, எஞ்சினைப் பற்றி வாயே திறக்க முடியாது. சீட்டுக்கு உறை தைத்துப் போடு, பெட்ரோல் டாங்கியில் சாமி படம் ஒட்டு, ஒருவரும் கேட்க மாட்டார்கள். மற்றபடி எதைத் தொடுவதானாலும் முதலில் ஏஜென்சியில் கேட்டு, அவர்கள் ஆளையே பூட்டச் சொல். இலவசமாகப் பார்த்துத் தருகிற தவணையைத் தவற விடாதே, அதைத் தவறவிட்டாலும் கியாரண்டி போய்விடும். இவ்வளவுதான் நான் கற்றது, இதைக் கற்பதற்கு எனக்கு ஒரு கியர் பாக்ஸ் செலவாயிற்று.

எங்கள் முறை வந்தது. மானேஜர் வண்டியைச் சுற்றி வந்தார். ஓடிய தூரத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், எல்லாம் கெடுவுக்குள் இருந்தது. பிறகு குனிந்து இடப்பக்கச் சட்டத்தைத் தடவினார். பட்டை பூட்டின இடத்தில் பெயிண்டு உரிந்து வட்டமாகத் தடம் இருந்தது.

"இது என்னங்க? வெளியில எதாவது பூட்டினீங்களா?"

இருந்தது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன்.

"கேரியரா? எல்லாரும் இதையே பண்றீங்க. சரி, கேரியருக்கும் கியர் பாக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. எழுதிக் குடுத்துடறேன், புதுசு வந்ததும் மாத்திடலாம்" என்று அவராகவே சொல்லிவிட்டு மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். கட்டுமாவடி பாய் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார்.

"சார், அது கேரியர் இல்ல" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. கமலம். "தொட்டி பூட்டியிருந்துச்சு. எங்கண்ணன் பட்டறையில செஞ்சது. மேல மாட்டு வண்டிக் கூண்டும் போட்டிருந்தோம். எனக்காகத்தான் வச்சது. லாரியில எடமில்லைன்னு கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கோம்."

மானேஜர் பேனாவை மூடினார். கூண்டா என்று இன்னொரு தரம் கேட்டார். எப்படி வளைத்தார்கள், பாய் எந்த அளவு என்று அவள் நிதானமாகக் கையால் காட்டி விளக்கினாள், வகுப்பில் பாடம் எடுக்கிற மாதிரி. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கோபப்படவில்லை, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

"எங்க தொட்டியா இருந்தா அதோட பின்பக்கப் பல் சக்கரத்தையும் மாத்திக் குடுத்திருப்போம், எஞ்சினுக்கு இழுவை தெரியாது. நீங்க தனி வண்டிக்கு உள்ள பல் சக்கரத்தை வச்சே தொட்டியையும் இழுத்து, கூண்டையும் இழுத்திருக்கீங்க. கியர் பாக்ஸ், கிளட்ச், சட்டம், மூணுக்கும் கியாரண்டி கிடையாதுங்க. மத்ததுக்கு உண்டு. மன்னிச்சுக்குங்க."

மற்றது எதுவும் கெடவில்லை. அதுவும் என் தலைவிதி.

வண்டியை லாரிக்காரரிடமே ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வேலை முடிந்து, விராலிமலை வழியாக வருகிற பஸ்ஸில் ஊர் திரும்பினோம். கண்டக்டரும் நானுமாக அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினோம். கொஞ்ச தூரம் வரைக்கும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஒனக்குப் புத்தி கித்தி பெசகிப் போச்சா? எழுதப் போன மனுசன நிறுத்திக் கூப்பிட்டுச் சொல்றே. வாத்திச்சியானா அரிச்சந்திரனுக்குப் பேத்தின்னு நெனப்பா? ஒன் வேலைக்குத்தானடி நான் இந்தப் பாடு படுறேன்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சா சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். உண்மையச் சொல்லணும்னெல்லாம் இல்லப்பா. கியர் பாக்ஸு வந்தா தொட்டியும் திரும்ப வரும்ல."

எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்று தெரிந்துகொண்டு சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடி வந்து பாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்களாம். பெரிய வகுப்புப் பையன் ஒருத்தன், ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை வாங்கிக்கொண்டு பார்க்க விடுவானாம். பயாஸ்கோப்பு டீச்சர் என்று பேர். கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னாலிருந்து யாராவது திருவிழாவில் பெட்டிக்குள் படம் காட்டுகிற பயாஸ்கோப்புக்காரன் போடுகிற கூப்பாட்டைப் போடுவானாம், வகுப்பு மொத்தமும் சிரிக்குமாம். நொண்டி என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லையாம். "காலப் பாத்து எவனும் சிரிக்கலப்பா. கூண்டப் பாத்துத்தான் சிரிக்கிறாக. அதுக்குள்ள இருந்து எறங்கி வந்து அ, ஆ சொல்லிக் குடுத்தா யாரு கேப்பா? இப்படியே போனா லேட்டா வாரேன்னு இல்ல, வகுப்ப அடக்கத் தெரியலைன்னு எழுதிருவாக" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண் கரித்தது, எதிர்க்காற்றில் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

தினமும் நான் அந்த வாசலில் வண்டியை நிறுத்தியவன். பிள்ளைகள் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். டீச்சர்மேல் பிரியம் என்று நினைத்து மண்டியில் வேறு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே கேட்டுக்கொள். கியாரண்டியை மறுத்தது கம்பெனி இல்லை. உன் தங்கை. வேலையே போனாலும் சரி, அந்தத் தொட்டிக்குள் திரும்ப உட்கார மாட்டேன் என்று தீர்மானித்து, இதைச் சொல்ல நம் வீட்டில் ஒரு வாய் கிடைக்காமல், திருச்சியில் ஊர் பேர் தெரியாத ஒரு மானேஜர் முன்னால் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதருக்கு நீ ரிஜிஸ்டர் தபாலில் வசவு அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பாய். லீவு முடிந்த மறுநாள் பொழுது விடியும்போது வருகிற முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். உன் ஆத்தா குறுக்கே விழுந்தாள், நான் கூடப் போனேன். ஊன்றி நடக்கிற கம்பைப் பையோடு முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். எங்கே எப்போது பழகினாளோ. நான் தூக்கிவிடக் கிட்டே போனேன்.

"அங்கிட்டுப் போங்கப்பா. நீங்க நின்னா கண்டக்டர் ஒங்களையே பாக்குறாரு, என்னைய ஏற விடமாட்டேங்குறாரு."

அங்கிட்டுப் போனேன். அந்த பஸ் ரொம்பச் சீக்கிரம் போய்விடும், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை எழுதி வைப்பாள், மணி அடிப்பவன் வருவதற்கு முன்னால் டீச்சர் இருப்பாள். எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்காதே. ஐப்பசி மழையில் படி வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். நாளைக்குப் போக வேண்டாம் என்று நான் கத்தினேன். மறுநாள் கட்டோடு போனாள். கூட்ட நாளில் இடிபட்டிருக்கிறாள், ஒரு நாள் ஏற விடாமலே பஸ் போயிருக்கிறது. கீரை விற்கப் போகிற பொம்பளைகள் இரண்டு மூன்று பேர் இப்போது சினேகம், அவர்கள் கண்டக்டரை ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. வகுப்பில் கூப்பாடு நின்றுவிட்டது. புளியங்கொட்டைப் பையனுக்கு இவள்தான் இப்போது கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். போன மாசம் வேலை நிரந்தரம் என்று ஆர்டர் வந்தது. அதை உனக்கு அவளே எழுதியிருப்பாள். எப்படி வந்தது என்று எழுதியிருக்க மாட்டாள்.

பழைய வண்டிக்கு, எங்கேயோ கிடந்த பழைய கியர் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் பூட்டி, நான் மட்டும் மண்டிக்குப் போய் வருகிறேன். கூண்டோடு அந்தத் தொட்டி மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது, உன் ஆத்தா அதில் கோழியை அடை வைத்திருக்கிறாள்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை சுந்தரம். நீ அவள்மேல் உயிரை வைத்திருக்கிறாய், பட்டறையில் கையைச் சுட்டுக்கொண்டு அந்தத் தகரத்தை வளைத்தாய், நான் பார்த்தேன். இந்தத் தடவையும் அதே பிரியத்தில்தான் வாங்குகிறாய். கம்பெனித் தொட்டியா, பல் சக்கரம் மாற்றித் தருவார்களா, கியாரண்டி நிற்குமா என்று எல்லோரிடமும் விசாரித்திருக்கிறாய், ஒருத்தியைத் தவிர. நாளைக்கு வருகிற பெண்ணிடமும் இதே மாதிரி நடந்துகொள்ளாதே. பிரியத்தில் செய்கிறோம் என்ற தைரியத்தில் கேட்காமல் செய்வது நம் வீட்டு ஆண்களின் பழக்கம், எனக்கு இது இந்த வயதில்தான் உறைத்தது. உனக்குக் கொஞ்சம் முன்னாலேயே உறைக்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மெத்தை வைத்த சீட்டு, மழைக்கு மடக்குகிற மூடி என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டு உன் ஆத்தாவுக்கு வாயெல்லாம் பல். கமலம் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணன் ஆசையா வாங்குது. வேணாம்னு நான் எப்படிப்பா எழுதுவேன்? நீங்க எழுதிருங்க."

எழுதுகிறேன் என்றேன். உள்ளே போனவள் திரும்பி வந்தாள்.

"இதையும் சேத்து எழுதுங்க. அண்ணிக்கு நம்ம பக்கம் எந்த ஊரும் பழக்கமில்லேல்ல. கல்யாணம் முடிஞ்சு இலுப்பூர்ச் சந்தைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல எனக்கு எடம் போட்டு வைப்பாக, அண்ணிக்கும் போடச் சொல்றேன். அண்ணன் வேணும்னா பின்னாடி வண்டியில வரட்டும்."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

அப்பா